பின்னால் நிற்பவர் கண்டது

(திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இங்கிருந்து கோட்டைவாசலைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தால் பத்மதீர்த்தக் குளக்கரை. குளத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடத்தின் நெற்றியில் மேத்தன் மணி இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அதை வருணிக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தாடி வைத்த ஒரு முகம், அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும், கடாக்கள் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டும். சின்ன வயதில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்க்காத நாளே எனக்கு இல்லை.

அந்த முகம் யாருடையது என்று அப்போது எல்லாரையும் கேட்டிருக்கிறேன். ஒருவர் வெள்ளைக்காரத் துரை என்பார், இன்னொருவர் வேறு யாரோ என்பார். 'மேத்தன்' என்ற சொல்லோ, தென் திருவிதாங்கூரில் முஸ்லிம்களைக் குறித்து, அவ்வளவு மரியாதையில்லாமல் புழங்கிய சொல். எத்தனையோ கதை கேட்டேன். எந்தக் கதையிலும் அந்த முகம் சொல்பவருடைய கூட்டத்தைச் சேர்ந்ததாக இருந்ததில்லை. மணிக்கு மணி கன்னத்தில் முட்டு வாங்குகிறவன் எப்போதும் அடுத்தவன்தான்.

நம் குறையை நாம் பார்க்கும் விதத்தையும் அதைப் பிறர் பார்க்கும் விதத்தையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தமிழில் இதைப் பேச எழும் எவரும் வள்ளுவரைத் தாண்டிப் போக முடியாது. புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், அயலார் குற்றத்தைக் காண்பதுபோலத் தன் குற்றத்தையும் காண வல்லவரானால் உயிர்களுக்குத் தீமை என்று ஒன்று உண்டா என்று கேட்கிறார். குற்றங்கடிதல் அதிகாரத்தில் இதையே அரசனுக்குச் சொல்லும்போது, உன் குற்றத்தை முதலில் நீக்கு, அதன் பிறகு பிறர் குற்றத்தைப் பார் என்கிறார். இரண்டு இடத்திலும் 'கண்டால்' என்று அவர் எளிதாகச் சொல்லிவிடவில்லை. 'காண முடியுமானால்' என்ற பொருள்படத்தான் சொல்கிறார். அந்த முடியுமா என்ற ஐயத்தைப் பல வருடம் நான் கவனிக்காமலே படித்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுக்கிறவர் இல்லாமலே கெட்டுப்போவான் என்று வருவது அங்கேதான். ஆக, தன் குற்றத்தைத் தானே காண்பது ஐயம் என்றால், காட்டிக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரியவர். வள்ளுவரின் வழி இது. அந்த வழியை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்த ஊரின் வரலாற்றைப் படித்தபோது, குற்றத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் மேலே இருந்த பெரியவர்கள் அல்லர், பின்னால் நிறுத்தப்பட்டவர்கள் என்பதைக் கண்டேன். அதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பழமொழி. ஒரு வரிசையை நினைத்துப் பாருங்கள். நிர்மால்ய தரிசனத்துக்கு விடிகாலையில் நிற்கும் வரிசையாகவும் இருக்கலாம், ரேஷன் கடை வரிசையாகவும் இருக்கலாம். ஒவ்வொருவர் கண்ணுக்கும் முன்னால் நிற்பவரின் முதுகு நன்றாகத் தெரியும். சட்டைக் கிழிசல், ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு, எல்லாம் தெரியும். நம் முதுகு பின்னால் நிற்பவருக்குத் தெரியும். அவரைப் பார்க்க வேண்டுமானால் நாம் திரும்ப வேண்டும். திரும்பினால் இடம் போய்விடுமோ என்று நமக்குப் பயம்.

வரிசைக்குள் போவதற்கு முன் ஒரு சிறிய கிளைக்கதை. மகாராஜா சுவாதித் திருநாள் 1837இல் இந்த ஊரில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1852இல் ஜான் ஆலன் பிரௌன் வந்தார். காந்த அளவீட்டுக்காக அகத்தியமலை உச்சியில்கூட ஒரு கூடம் கட்டியவர் அவர். அந்தக் காலத்து வானாய்வாளர்களைத் தூங்கவிடாத சிக்கல் ஒன்று இருந்தது. தொலைநோக்கியில் கட்டிய நூலிழையை நட்சத்திரம் கடக்கும் கணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதே நேரம் கடிகாரத்தின் டிக் டிக்கைக் காதால் எண்ண வேண்டும். இரண்டையும் சேர்த்து நேரத்தைக் குறிக்க வேண்டும். 1796இல் கிரீனிச்சில் தலைமை வானியலாளர் மாஸ்கெலைன், தன் உதவியாளர் கின்னிபுரூக் தன்னைவிட ஏறத்தாழ 0.8 விநாடி பிந்திக் குறிக்கிறார் என்று கண்டு அவரை வேலையிலிருந்து நீக்கினார். தான் குறித்த நேரம் சரி என்பதில் மாஸ்கெலைனுக்கு ஐயமே எழவில்லை.

கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தன்னையே இன்னொரு தேர்ந்த ஆய்வாளரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இருவருக்கும் இடையில் ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தது. இருவரும் கவனமானவர்கள், நேர்மையானவர்கள். ஒவ்வொருவர் கண்ணும் காதும் இணையும் விதத்திலேயே ஒரு மாறாத பிசகு இருக்கிறது. பிசகு உள்ளவர் எத்தனை முறை அளந்தாலும் அதே பிசகோடுதான் அளப்பார். ஆகவே தனியாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இன்னொருவர் குறித்த நேரத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும். அப்போதும் எவர் பிசகு எவ்வளவு என்று தெரியாது. இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் தெரியும். அதற்குப் பிறகு வானியலாளர்கள் இந்த இடைவெளியை அளந்து, கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பழகினார்கள். கின்னிபுரூக்குக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர் வேலை போனது போனதுதான். பிசகு என்று முதலில் எழுதப்படுவது எப்போதும் கீழே இருப்பவர் பெயரில்தான் என்பதற்காக அவரை நினைவில் வைத்திருக்கிறேன்.

இப்போது வரிசைக்கு வருகிறேன்.

1891 ஜனவரியில் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் ஒரு மனு கொடுக்கப்பட்டது. மலையாளி மெமோரியல் என்று வரலாற்றில் பெயர். 10,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜி.பி. பிள்ளை, சி.வி. ராமன் பிள்ளை போன்ற படித்த நாயர் இளைஞர்கள் அதன் பின்னால் நின்றார்கள். அதன் சாரம் இது: நாட்டின் உயர்ந்த பதவிகளெல்லாம் வெளியிலிருந்து வந்த பிராமணர்களிடம், பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்களிடம் இருக்கின்றன, மண்ணின் மக்கள் ஒதுக்கப்படுகிறார்கள்.

இதைத் தமிழர்கள் நிறைந்த அவையில் சொல்வதால் கொஞ்சம் நிதானித்துச் சொல்கிறேன். அந்தக் காலத்துத் திவான்களின் பெயரை எடுத்தால் மாதவ ராவ், சேஷய்ய சாஸ்திரி, நாணு பிள்ளை, ராமய்யங்கார், ராம ராவ் என்று வருகிறது. நடுவில் வரும் நாணு பிள்ளை ஒருவர்தான் இந்த மண்ணின் நாயர். மாதவ ராவின் குடும்பம் கும்பகோணத்து மராத்தியக் குடும்பம். மனு கொடுத்தவர்களுக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல, எல்லாரும் பரதேசிகள். நம் வீடுகளில் இந்தக் கதையை எப்படிக் கேட்டு வளர்ந்தோம்? இங்கிலீஷ் படித்தோம், கணக்குத் தெரிந்தது, நேர்மையாக இருந்தோம், அழைத்தார்கள், வந்தோம். பாதையும் பாலமும் போட்டோம். 1869இல் எழுந்த ஹஜூர் கச்சேரி, இன்றைய தலைமைச் செயலகம், மாதவ ராவ் காலத்தது. இதில் ஒன்றும் பொய்யில்லை. ஒருவர் உள்ளே வந்ததும் அக்காள் மகனையும் அத்தான் தம்பியையும் எழுதிப் போட்டு வரவழைத்ததும் பொய்யில்லை. முதல் பாதியை நாம் சொன்னோம், இரண்டாம் பாதியை அவர்கள் சொன்னார்கள். நமக்கு அது சொந்தத்துக்குச் செய்த உதவி. வாசலில் விண்ணப்பத்தோடு நின்ற நாயர் பட்டதாரிக்கு அது மூடிய கதவு.

அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களில் டாக்டர் பல்புவும் ஒருவர். 1863இல் இங்கே பக்கத்தில் பேட்டையில் பிறந்த ஈழவர். திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க இடம் மறுக்கப்பட்டதால் சென்னை போய்ப் படித்துத் தேறினார். ஊரில் வேலை மறுக்கப்பட்டதால் மைசூர் அரசின் பணியில் சேர்ந்தார். மலையாளிகள் எல்லாரும் சேர்ந்து கேட்கிறோம் என்ற நம்பிக்கையில்தான் அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அரசின் பதில் வந்தது. ஈழவர்கள் பெரும்பாலும் படிக்காதவர்கள், பயிர்த்தொழில், கயிறு திரிப்பது, கள் இறக்குவது என்று தங்கள் தொழிலிலேயே நிறைவாக இருப்பவர்கள் என்று அதில் சொல்லியிருந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் நாயர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. பல்புவின் மக்களுக்குத் திறக்கவில்லை. 1896 செப்டம்பரில் 13,176 பேர் கையெழுத்தோடு ஈழவ மெமோரியல் வந்தது. ஐந்தே ஆண்டு. முன்னால் நின்ற தமிழரின் முதுகை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண்கள், பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வரிசை அங்கேயும் முடியவில்லை. பல்பு பிறந்த அதே 1863இல் வெங்ஙானூரில் அய்யன்காளி பிறந்தார். 1893இல், இரண்டு மனுக்களுக்கும் நடுவில், புலயர் கால்வைக்கக் கூடாத பொதுவழியில் வில்வண்டி பூட்டி ஓட்டினார். தலைப்பாகை கட்டி, மேலாடை அணிந்து ஓட்டினார். மனு எழுதக் கல்வி இல்லாத மக்களுக்கு அந்த வண்டிச் சக்கரத்தின் தடம்தான் மனு. அந்த வழியை அடைத்து நின்றவர்கள் தமிழ்ப் பிராமணர்கள் மட்டும் அல்லர், நாயர்கள் மட்டும்கூட அல்லர். நேற்றுவரை தங்களுக்கு அடைக்கப்பட்ட கதவைப் பற்றிப் பேசிய ஈழவர்களின் வீட்டிலும் புலயருக்குத் திண்ணை இல்லை.

இங்கே மனிதர்களைப் பற்றி ஒரு சொல். இந்த வரிசையில் நின்ற எவரும் தீயவர் என்று நான் சொல்லவில்லை. ஜி.பி. பிள்ளை பிற்காலத்தில் ஈழவர்களுக்காக வாதாடியவர். 1895இல் பூனாவில் கூடிய காங்கிரசில் அவர்கள் நிலையை எடுத்துரைத்தவர். ஒரு தனி மனிதர் திரும்பிப் பார்க்க முடியும். கூட்டமாக நிற்கும்போதுதான் கழுத்து இறுகிப்போகிறது.

உளவியலில் 1971இல் ஜோன்ஸ், நிஸ்பெட் என்ற இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தன் செயலுக்குச் சூழ்நிலையைக் காரணம் சொல்வதும், பிறர் செயலுக்கு அவர் குணத்தைக் காரணம் சொல்வதும் மனித இயல்பு என்றார்கள். நான் தாமதமாக வந்தால் பஸ் கிடைக்கவில்லை. அவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர். நீண்ட காலம் இதைப் பொதுவிதி போலவே எல்லாரும் சொல்லிவந்தார்கள். 2006இல் பெர்ட்ரம் மாலெ என்பவர் 173 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். சராசரியாகப் பார்த்தால் அந்த வேறுபாடு ஏறத்தாழ இல்லை என்று தெரிந்தது. ஆனால் கெட்ட காரியங்களை மட்டும் பிரித்தெடுத்தால் அது அப்படியே இருந்தது. நல்லது நடந்தால் கதை தலைகீழாகிறது: என் குணத்தால் நடந்தது. கெட்டது நடந்தால்தான் சூழ்நிலை, காலம், வழக்கம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. நம் குற்றத்துக்கு நாம் தரும் சாட்சியத்தில் மனசும் காலமும் நிறைய இருக்கும், அடிபட்டவர் இருக்கமாட்டார். பிறர் குற்றத்தைச் சொல்லும்போது அடிபட்டவர் மட்டுமே இருப்பார்.

திருவிதாங்கூர் தன்னைத் தர்மராஜ்யம் என்று சொல்லிக்கொண்டது. நாடெங்கும் ஊட்டுப்புரைகள் இருந்தன. வழிநடக்கும் பிராமணருக்கு அங்கே இலவசச் சாப்பாடு. அரசரின் மனத்தில் அது தூய தர்மம். அதில் நான் ஐயப்படவில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871இல் இந்த நாட்டைப் பற்றி இங்கிலீஷில் எழுதிய நூலுக்கு 'தர்மபூமி' என்று பொருள்படும் பெயரையே வைத்தார். ஊட்டுப்புரையின் அருகிலேயே போகக் கூடாதவர்களோடு வேலை செய்தவர் அவர். உள்ளே இலையின் முன் உட்கார்ந்தவருக்கும் வெளியே வயலில் நின்றவருக்கும் அந்தப் பெயர் ஒரே பொருளைத் தந்திருக்காது. மெட்டீரின் கண்ணிலும் பிசகு உண்டு; தன் மதமும் தன் நாட்டு ஆட்சியும் அவருக்குப் பெரும்பாலும் வெளிச்சமாகவே தெரிந்தன. அதனால் அவர் வயலில் நின்றவரைப் பற்றி எழுதியது இல்லையென்று ஆகிவிடாது.

இவ்வளவு நேரம் ஒவ்வொருவரும் முன்னால் பார்த்ததையே சொன்னேன். திரும்பிப் பார்த்த இருவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இருவர் காரியமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தது. என் மனம் அதிகம் தங்குவது இந்த இடத்தில்தான்.

தேரூரில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 1917, 18இல் 'தமிழன்' இதழில் ஒரு நெடும்பாட்டைத் தொடராக வெளியிட்டார். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. அதைச் சிரிப்புப் பாட்டு என்று சொல்லியே நமக்குப் பழக்கம். சிரிப்பு இருக்கிறது. அடியில் இருப்பது என்னவென்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாயர்களின் மருமக்கத்தாயத்தில் சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும். பெண் தன் பிறந்த வீடான தறவாட்டிலேயே இருப்பாள், கணவன் வந்துபோவான். அவன் செத்தாலும் அவளுக்குக் கூரை உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளர் தமிழர். அவர்களும் மருமக்கள்வழியை ஏற்றார்கள். ஆனால் பெண் கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்குப் போகும் தமிழ் வழக்கத்தை விடவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் மோதின. கணவன் இருக்கும்வரை அவள் அந்த வீட்டில் உழைப்பாள், பிள்ளை பெறுவாள். அவன் கண்ணை மூடியதும் சொத்து அவனுடைய சகோதரியின் மக்களுக்கு. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு பேசப்படும். அதையும் வழக்காடித்தான் வாங்க வேண்டும். கோர்ட்டும் வக்கீலும் தின்றது போக மிச்சம்தான் கைக்கு வரும்.

இதைப் பற்றிக் கவிமணி கட்டுரை எழுதியிருக்கலாம். நியாயமான ஒரு பெரியவரின் குரலில் புத்தி சொல்லியிருக்கலாம். அவர் பாட்டைக் கொடுத்தது, ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டு வந்து தாலியறுத்த ஒரு பெண்ணிடம். முழுக்கதையும் அவள் வாயால் வருகிறது. அந்த வீட்டில் எல்லாருக்கும் பின்னால், அடுக்களையின் கடைசி மூலையில் நின்றவள் அவள். வீட்டுத் தலைவரான காரணவருக்குத் தெரியாத முதுகு அவளுக்குத் தெரியும். ஒரு சமூகம் தன் குறையைத் தானே பார்ப்பது எப்படி என்று எவராவது என்னைக் கேட்டால் இந்தப் பாட்டின் அமைப்பைத்தான் காட்டுவேன். தன் வாயால் தன்னைத் திட்டிக்கொள்வதில்லை அது. தன் வாயை, தன்னால் அடிபட்டவளுக்குக் கொடுப்பது. கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926 வாக்கில், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது, வழிமுறை மாறியது. சட்டத்துக்காகப் பலர் பாடுபட்டார்கள். பாட்டு மட்டுமே சட்டம் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் சிரித்துச் சிரித்துப் படித்த காரணவர்கள், அடுக்களையில் அதே குரலைக் கேட்காமல் இருந்திருக்க முடியுமா?

இரண்டாமவர் மலையாளி, ஈழவர். திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்து ஊர் திரும்பிய இளைஞர் அய்யப்பன். 1917 மே மாதம், கொச்சி நாட்டில் செறாயி என்ற ஊரில், ஈழவர்களும் புலயர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்தார். மிஸ்ரபோஜனம் என்று பெயர். பிராமணரோடும் நாயரோடும் சேர்ந்து சாப்பிட உரிமை கேட்டிருந்தால் அவருடைய ஆட்கள் தோளில் தூக்கியிருப்பார்கள். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்தவர்களைச் சொந்தச் சாதியே விலக்கியது. 'புலயன் அய்யப்பன்' என்று அவரை ஏசினார்கள். அந்தப் பெயரை அவர் தள்ளவில்லை, பெருமையாகவே ஏற்றார். பின்னால் நின்றவரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ஒரு மனிதரை என்னால் மறக்க முடியவில்லை. பிறகு அவர் நடத்திய 'சகோதரன்' இதழால் அவரைச் சகோதரன் அய்யப்பன் என்று நாடு அழைத்தது.

இப்படிப் பந்தி வைத்தவர் நம்மவரிலும் ஒருவர் உண்டு. தைக்காட்டில் ரெசிடென்சி அலுவலில் இருந்த அய்யா சுவாமிகள், தமிழர். செறாயிப் பந்திக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தன் வீட்டில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போட்டவர். அவருக்கும் சாதிப் பெயரைச் சொல்லித்தான் ஏச்சு. நம் சங்கங்களின் மலர்களில் திவான்கள் படம் வரும் அளவுக்கு அவர் படம் வருவதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தமிழர் கதை 1891இல் நிற்கவில்லை. அறுபது சொச்சம் ஆண்டுகளில் இடம் மாறியது. தமிழகத்தோடு சேரக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, தமிழர்கள் செத்தார்கள். தாய்மொழி, வேலை, நிலம் என்று தென் திருவிதாங்கூர்த் தமிழர் அப்போது முறையிட்டார்கள். தங்கள் மண்ணில் வேற்றார் ஆட்சி என்று அதற்கு முன் மலையாளிகள் முறையிட்ட அதே குரல், இப்போது எதிர்த்திசையிலிருந்து. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. அந்தத் துயரத்தை நாம் நினைவுகூர்வது சரியே. அதே நாட்காட்டியில் 1891உம் இருக்கிறது.

தன்னைத் தானே நொந்துகொள்வது வேறு, தன் குறையைக் காண்பது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' 1970இல் வந்தது. நாம் நடக்கும் இதே தெருக்களில் அனந்தன் நாயர் நடக்கிறார். விட்டுப்போன மனைவி கார்த்தியாயினியையும் கடந்துபோன வாழ்க்கையையும் நினைத்து நினைத்துக் குமைகிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த மனிதரோடு சேர்ந்து என் நெஞ்சும் கனக்கும். ஆனால் நாவல் முழுவதும் அவர் நினைவின் வழியாக ஓடுவதால், கார்த்தியாயினி நமக்குக் கிடைப்பதும் அவர் நினைவில் தெரிகிற அளவுக்குத்தான். வாசகனாக நான் தவிக்கும் இடம் அது. இவ்வளவு நேர்மையாகத் தன்னைக் குடைந்து பார்க்கும் ஒருவருக்குள்ளும் அந்தப் பெண்ணின் பக்கத்துக் கதை இல்லை. அது அவள் சொன்னால்தான் உண்டு.

கடைசியாக என் வீட்டைப் பற்றி. இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஊரார் முதுகைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதை மறைப்பது சரியல்ல.

நாங்கள் வளர்ந்தது கோட்டைக்குள் ஒரு தெருவில். முற்றம் பெருக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஓர் அம்மாள் வருவார். அவருக்குக் காலையில் காப்பி உண்டு. அதற்கென்று ஓர் அலுமினியத் தம்ளர், கிணற்றடிச் சுவரின் மாடக்குழியில் இருக்கும். அம்மா உயரத்திலிருந்து ஊற்றுவாள். குடித்து முடித்ததும் அவரே கழுவி மாடத்தில் வைப்பார். என் அம்மா இரக்கமுள்ளவள். அந்த அம்மாளின் மகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியது என் அம்மாதான். நாங்கள் ஐந்து பிள்ளைகளும் அதைப் பெருமையாகச் சொல்லி வளர்ந்தோம். எங்கள் வீட்டுக் கதையில் தம்ளர் கிடையாது. மறைத்தோம் என்பதில்லை. அது எங்கள் கண்ணில் ஒரு பொருளாகவே படவில்லை.

அம்மா இறந்து சில நாள் கழித்து அந்த மகள் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். அம்மா படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து, "அம்மை எனக்கு ஃபீஸ் கட்டினாங்க அண்ணா, சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்" என்றார். கொஞ்சம் விட்டு, "மழைக்காலத்துல அந்தத் தம்ளர்ல தண்ணி நிறைஞ்சு கிடக்கும். எங்கம்மை அதைக் கொட்டிட்டு நீட்டுவாங்க. அதையும் மறக்கமாட்டேன்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். "அந்தக் காலம் அப்படி" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் பதில் சொன்னேன். எத்தனையோ மேடையில் பிறருடைய 'அந்தக் காலம் அப்படி'யை நான் மறுத்துப் பேசியிருக்கிறேன். என் வீட்டுக்கு என்று வந்தபோது அந்தச் சொல் யோசிக்காமல் வந்து நின்றது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

என் மனைவி எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். ஒரே மாதிரியான எவர்சில்வர் தம்ளர்கள். அவர் குடித்து முடித்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உள்ளே போய், குழாயடியில் தன் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். என் மனைவி பதறி, "ஐயோ, வையுங்க, நான் கழுவிக்கிறேன்" என்று பின்னாலேயே ஓடினாள்.

"பரவாயில்ல, எங்கம்மை கழுவுறதைப் பாத்துப் பழகின கை" என்று அவர் சொன்னது கூடம்வரை கேட்டது.